விஸ்காம் சேருகிறவர்களுக்கு, கேமரா அறையிலிருந்து

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில், விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் (காட்சித் தொடர்பியல்) துறையின் கேமரா அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன்னால் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்துவது பேராசிரியர்கள். கேமரா, மைக், லைட், ட்ரைபாட் எல்லாவற்றையும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதும், திரும்பி வரும்போது லென்ஸ் மூடி இருக்கிறதா என்று பார்ப்பதும் நான். பிள்ளைகளுக்கு நான் 'அண்ணாச்சி'. யார் எதை எடுத்துப் போனார்கள், என்ன செய்துகொண்டு வந்தார்கள், படிப்பு முடிந்து எங்கே போய் நின்றார்கள் என்பது மார்க் ஷீட்டைவிட அந்தப் பதிவேட்டில் நன்றாகத் தெரியும். நான் பார்த்தவரை, மூன்று வருடமும் பெரிய படம் எடுக்கப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைவிட, இரண்டு நிமிட வேலையாக இருந்தாலும் எடுத்து, வெட்டி, ஒட்டி, முடித்துக் கொடுத்தவர்கள்தான் தேறியிருக்கிறார்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் அப்படி முடிப்பதற்கான வழிகள்தான்.

எங்கே சேர்வது

சேர்க்கை நேரத்தில் நோட்டீஸ்களில் பல பெயர்கள் கண்ணில் படும்: விஷுவல் கம்யூனிகேஷன், எலக்ட்ரானிக் மீடியா, ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன், டிஜிட்டல் மீடியா. விஸ்காமில் வரைதல், போட்டோ, டிசைன், விளம்பரம், ரேடியோ, வீடியோ என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு. ஜர்னலிசத்தில் செய்தி சேகரிப்பதும் எழுதுவதும் சட்டமும் அதிகம், கேமரா குறைவு. அனிமேஷன் பட்டம் என்றால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்ததும் நேரே சேருகிற ஐந்தாண்டு எம்.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா இருக்கிறது. சினிமா ஒன்றுதான் குறி என்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, இயக்கம் என்று பிரிவு பிரித்தே சேர்த்துக்கொள்கிறார்கள். புனே, கொல்கத்தா திரைப்படப் பள்ளிகளுக்கு ஒரு டிகிரி முடித்துவிட்டு நுழைவுத் தேர்வு எழுதலாம். அதற்கும் விஸ்காம் ஒரு நல்ல படிக்கட்டு.

விஸ்காமுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. சென்னையில் லயோலா, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி என்று பழைய பெயர்கள் பல உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் இந்தப் பாடம் அநேகமாகச் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும். கட்டணத்தைக் கேட்கும்போது அதை மனதில் வையுங்கள். கட்டணத்துக்கு மேல் பிரின்ட், ஹார்ட் டிஸ்க், ஷூட்டிங் போக்குவரத்து, வருடக் கடைசிக் கண்காட்சி என்று கைச்செலவு இருக்கும். அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் ஸ்டுடியோவைத் திறந்து காட்டுவார்கள். பச்சைத் திரை, வரிசையாக லைட், தூசி படாத கேமரா. அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வராந்தாவில் நிற்கிற மூன்றாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். சனி, ஞாயிறு கேமராவை வெளியே கொண்டுபோக விடுவார்களா? வகுப்பில் எத்தனை பேர், அதற்கு எத்தனை கேமரா? எடிட்டிங் லேப் சாயங்காலம் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? ட்ரைபாட் காலில் இன்சுலேஷன் டேப் சுற்றி, கேமராவில் மார்க்கரால் நம்பர் எழுதி, பை ஜிப் பிய்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். அங்கே பிள்ளைகள் கையில் பொருள் புழங்குகிறது என்று அர்த்தம். பொருளைப் பூட்டி வைத்துக் காட்டுகிற துறையில் பாடமும் பூட்டித்தான் இருக்கும்.

சமுதாய வானொலி உள்ள கல்லூரி கிடைத்தால் இன்னும் விசேஷம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி நம் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் 2004 பிப்ரவரியில் தொடங்கியது, எஃப்.எம். 90.4-இல். மைக் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேர நிகழ்ச்சியை வாராவாரம் ஒப்பேற்றிப் பழகியவர்களுக்குக் கெடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தியரி எதற்கு?

"அண்ணாச்சி, கேமரா பிடிக்க வந்தா லாஸ்வெல்லைப் படிக்கச் சொல்லுதாங்க" என்று முதல் செமஸ்டரில் ஒரு கூட்டமே வந்து புலம்பும். பல்கலைக்கழகத் தேர்வு பெரும்பாலும் எழுத்துக்கு 75, உள்மதிப்பீட்டுக்கு 25 என்றிருப்பதால், தியரியை விட்டால் அரியர்தான். தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு வேறு மாதிரி இருக்கும். மனப்பாடம் பண்ணாமல் படிக்க ஒரே வழி, ஒவ்வொன்றையும் தெருவில் வைத்துப் பார்ப்பது.

லாஸ்வெல் ஓர் அமெரிக்க அறிஞர். ஒரு செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க அவர் 1948-இல் எழுதியது ஐந்து கேள்வி: யார், என்ன, எதன் வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு. 'நாளை குடிநீர் வராது' என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் போகிறது. யார்? மாநகராட்சி. எதன் வழியாக? ஆட்டோ. விளைவு? ராத்திரியே குடமெல்லாம் நிரம்பிவிடும். சரி, அதே செய்தியை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டிருந்தால் எந்த வீட்டுக்குப் போய்ச் சேராது? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் அது பத்து மார்க் விடை.

மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு பண்ணாத நூறு வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். ஊடகங்கள் எவற்றுக்கு இடம் கொடுத்தனவோ ஏறத்தாழ அவற்றையே மக்களும் சொன்னார்கள். இதற்குத்தான் அஜெண்டா செட்டிங் என்று பெயர். 1972-இல் வெளியான அந்த ஆய்வை நீங்களே நெல்லையில் சின்ன அளவில் செய்யலாம். நூலகத்தில் இரண்டு தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கங்களை ஒரு வாரத்துக்கு எடுத்துவையுங்கள். எந்த விஷயத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் 'இப்ப பெரிய பிரச்சினை எது?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் கையில் ஒரு கட்டுரை இருக்கும். இதைச் செய்தவர்களுக்கு அஜெண்டா செட்டிங் கடைசிவரை மறக்காது.

வரையத் தெரியாதே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. எடுக்கப்போகிற ஷாட்டுகளை முன்கூட்டியே வரைந்து வைக்கிற ஸ்டோரிபோர்டில் தீக்குச்சி மனிதர்கள் போதும். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார், கேமரா எங்கே என்று தெரிந்தால் சரி.

கேமரா வாங்காதீர்கள்

கல்லூரி திறந்த வாரத்தில் அப்பாக்கள் கேட்பார்கள்: "தம்பி, பையனுக்கு எந்தக் கேமரா வாங்கிக் கொடுக்கட்டும்?" இந்த வருசம் ஒண்ணும் வேண்டாம்ங்க என்றால் முகம் சுருங்கிவிடும், ஏதோ பிள்ளையைக் குறைத்துச் சொன்ன மாதிரி. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் பழகத் துறையின் கேமரா போதும். அது கைக்கு வராத நாட்களில் போனில் 'புரோ' மோடு இருக்கிறது. துறையில் 50 எம்.எம். லென்ஸ் இருந்தால் ஒரு செமஸ்டர் அதை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். ஜூம் இல்லாததால் காலால் நடந்துதான் ஃபிரேம் வைக்க வேண்டிவரும். எங்கே நின்று பார்ப்பது என்பது அப்போதுதான் பிடிபடும்.

காசு இருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள். காதை முழுசாக மூடுகிற வயர் ஹெட்போன். போனில் செருகுகிற காலர் மைக். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். அதன் பிறகு லேப்டாப், 16 ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கிற மாதிரி. சாஃப்ட்வேருக்குப் பணம் வேண்டாம், திருட்டுப் பிரதியும் வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் எடிட்டிங், கலர், சவுண்ட் மூன்றும் வந்துவிடும். ஒலிக்கு ஆடாசிட்டி, படத்துக்கு கிம்ப், வரைய இங்க்ஸ்கேப், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், எல்லாமே இலவசம்.

போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் தானாக நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடும். டியூப் லைட் வெளிச்சத்தில் அப்படியே எடுத்தால் பல சமயம் சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஊரும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிட்டால் நின்றுவிடும். வெளிச்சம் கூடினால் 1/100. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். பேட்டி பாதியில் இருக்கும்போது மேகம் விலகினால் முகத்தின் நிறமே மாறிவிடும்.

காதுதான் முதலில்

பதிவேட்டில் 4கே கேமராவுக்கு அடிதடி நடக்கும். ஆடியோ ரெக்கார்டர் அலமாரியிலேயே தூங்கும். ஆனால் ஒரு குறும்படத்தில் படம் கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் அரை நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்.

இரண்டாம் வருடப் பிள்ளைகள் மூன்று பேர் பத்தமடைக்குப் பாய் நெசவை எடுக்கப் போனார்கள். அங்கே நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். "கையை எடுத்துக்கோங்க, முகம் வேண்டாம்மா" என்று அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டார். பிள்ளைகள் முகம் தொங்கித் திரும்பி வந்தார்கள். படம் போச்சு அண்ணாச்சி என்றார்கள். நான் ரெக்கார்டரையும், நேர் எதிரே வருகிற சத்தத்தைப் பிடிக்கிற ஷாட்கன் மைக்கையும் எடுத்துக் கொடுத்து, மறுபடி போய் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

இந்தத் தடவை கொண்டுவந்ததை ஹெட்போனில் போட்டுப் பார்த்தால், கோரையைக் கத்தியால் நீளவாக்கில் கீறுகிற சத்தம், துணி கிழிகிறதைவிட மெல்லிசாக. நனைத்த கோரையை உதறுகிற சத்தம். பாவு நூலுக்குள் கோரையைச் செலுத்தி, கட்டையால் அடித்து நெருக்கும்போது வருகிற 'டப்'. அந்த அம்மா பேசப் பேச அந்த 'டப்' நிற்கவே இல்லை. பேச்சு நிறுத்தற்குறி போடுகிற இடத்தில் கை அடிக்கிறது. படத்தில் கைகள் மட்டும்தான், முகமே கிடையாது. அந்த வருடக் கண்காட்சியில் ஜனங்கள் நின்று பார்த்த படம் அதுதான்.

சவுண்டுக்கு நான் பிள்ளைகளைப் படுத்துகிற பாடு இவ்வளவுதான்: ஹெட்போன் மாட்டாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடாதே. மீட்டர் முள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டுப் பிசிறிய சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் முழுசாக மீட்டுத் தராது. பேட்டிக்கு முன் ஃபேனை நிறுத்து. ஃபிரிட்ஜ் உறுமினால் வீட்டுக்காரரிடம் கேட்டு அதையும் நிறுத்து. நிறுத்தியதும் உன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளே வை. கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டுத்தான் வருவாய், அவர்கள் வீட்டு மாவு புளிக்காது. பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அரை நிமிஷம் அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தைப் பதிவு பண்ணு. வெட்டின இடத்தில் ஒட்டுப் போட அதுதான் உதவும். கேள்வி கேட்பவர் குரல் படத்தில் வராது என்றால், பதில் சொல்கிறவரைக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொல். 'எத்தனை வருசமா நெய்றீங்க?' என்றதற்கு 'முப்பது' என்று மட்டும் வந்தால் அதை வைத்து என்ன செய்வாய்?

ஆடி, மார்கழியில் வெளிப்புறப் பேட்டி வைக்க வேண்டாம். கோயில் ஒலிபெருக்கி எந்த நிமிஷம் எந்தத் திசையிலிருந்து தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு சினிமாப் பாட்டு பேட்டிக்குப் பின்னால் ஏறிவிட்டால், யூடியூபில் போட்டதும் உரிமைக்காரர்களின் கோரிக்கை வந்து நிற்கும்.

ஃபைல் ஒழுங்கு

ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் லாஸ்ட், ஒரிஜினல் ஃபைனல் என்று நாலு ஃபைல் டெஸ்க்டாப்பில் கிடக்கும். எதைச் சமர்ப்பிப்பது என்று கடைசி நாள் ராத்திரி ஐந்து பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பார்கள். பெயருக்கு முன்னால் தேதியைப் போடுங்கள், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். கம்ப்யூட்டர் தானே அடுக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் வீடியோ, ஆடியோ, இசை, கிராஃபிக்ஸ், புராஜெக்ட், வெளியீடு என்று ஆறு ஃபோல்டர். எடிட்டிங் தொடங்கிய பிறகு எதையும் இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் ஃபைலைக் காணோம் என்று டைம்லைன் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் காப்பி பண்ணி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மட். அதையும் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், கேமராவிலேயே செய்யுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது தொழிலில் இருக்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மாணவர்களுக்கு லேப் கம்ப்யூட்டர், சொந்த ஹார்ட் டிஸ்க், கூகுள் டிரைவ் என்று வைத்தால் அது ஆயிற்று. பெண்டிரைவை நம்பாதீர்கள். அது ஊருக்குக் கொண்டுபோகிற பை, பீரோ இல்லை.

தமிழ் எழுத்து உடையாமல்

வேலைச் சந்தையில் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது இதுதான் என்பேன். தமிழில் பிழையில்லாமல் டைப் அடித்து, உடையாமல் டிசைனில் வைக்கத் தெரிந்த ஆளை நெல்லையிலும் தேடுகிறார்கள், சென்னையிலும் தேடுகிறார்கள்.

முதல் வருட விடுமுறையில் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ தட்டினால் போதும், நடுவில் புள்ளி தானாக விழும். 'தங்கம்', 'பந்து' போன்றவற்றிலும் இன எழுத்துக்குப் புள்ளி அப்படியே வந்துவிடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுகிறவர்களைவிட விசைத் தட்டல் குறைவு. கை பழகிவிட்டால் பேட்டி கேட்டுக்கொண்டே வசனம் அடித்துவிடலாம்.

பிரஸ்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஏதோ மந்திரம் மாதிரி தெரியும். நீங்கள் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே திறக்கிற யூனிகோடிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் கேட்டால் மாற்றிக் கொடுக்கலாம். போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் சிலபேருக்குக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' உடைந்து மூன்று துண்டாகும். மாணவர் போஸ்டரில் மட்டும் இல்லை, பெரிய நிறுவன விளம்பரப் பலகையிலும் பார்த்திருக்கிறேன். பிரிஃபரன்சஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் 'அடோபி வேர்ல்டு-ரெடி' கம்போசர் என்று இருக்கும். இவ்வளவுதான் விஷயம்.

எழுத்துருவுக்கு கூகுளில் இலவசமாகவே நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் கிடைக்கின்றன. வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். மேல் வரியின் 'மூ' காலும் கீழ் வரியின் 'கி' கொக்கியும் முட்டிக்கொள்ளக் கூடாது. நம் சொற்கள் நீளம். தலைப்பு ஒரு வரிக்குள் அடங்காவிட்டால் எழுத்தைச் சுருக்கி நசுக்க வேண்டாம், வேறு சொல்லை யோசியுங்கள்.

இப்போது பேச்சை எழுத்தாக்க, சப்டைட்டில் போட ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டன. நேரம் மிச்சம்தான். ஆனால் நெல்லைப் பேச்சை அதனிடம் கொடுத்துப் பாருங்கள், 'வாரேன்', 'சொல்லுதேன்' எல்லாம் என்னவாகி வருகிறதென்று. வரிக்கு வரி காதால் சரிபார்க்காமல் வெளியே விடாதீர்கள்.

அனுமதி கேட்பது

எடுக்கப்போகிறவரிடம் எதற்கு எடுக்கிறோம், எங்கே போடப்போகிறோம் என்று சொல்லி, சம்மதத்தை எழுத்திலோ கேமராவிலோ வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, உறவு எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடுவது போக்சோ சட்டப்படி குற்றம். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையைக் காட்டுவதும் அதில் அடங்கும்.

கோயிலுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு செயல் அலுவலரைப் பாருங்கள், மறுத்தால் தேரடியிலிருந்து எடுங்கள். டிரோன் 250 கிராமுக்குள் இருந்தாலும் எங்கும் பறக்கவிடலாம் என்று இல்லை. எங்கள் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் இருக்கின்றன. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் சிவப்பு எது, பச்சை எது என்று பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

செய்தி பக்கம் போக ஆசை இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தைப் பழகுங்கள். வெள்ளைத் தாளில் கேள்வி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஸ்பீடு போஸ்ட். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'எத்தனை', 'எந்தத் தேதி', 'ஆணையின் நகல்' என்று கேளுங்கள். ஒரு மாணவி தன் வார்டில் எத்தனை தெருவிளக்கு என்று கேட்டு வாங்கிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரியில் நடந்து எண்ணினாள். அதைவிட நல்ல ரிப்போர்ட்டிங் பாடம் எங்கள் துறையில் அந்த வருடம் நடக்கவில்லை.

இன்டர்ன்ஷிப், ஷோரீல்

ஆகாசவாணி, நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பு, உள்ளூர் விளம்பர ஏஜென்சி, கல்யாண ஸ்டுடியோ, யூடியூப் செய்திச் சேனல் எல்லா இடத்திலும் கேட்டுப் பாருங்கள். கல்யாண ஸ்டுடியோவைக் கேவலமாக நினைக்காதீர்கள். தாலி கட்டுகிற அரை நிமிஷத்துக்கு ரீடேக் கிடையாது. அந்த நேரத்தில் பேட்டரியும் கார்டும் தயாராக வைத்திருக்கப் பழகியவர்கள் எந்த நேரலையிலும் பதற மாட்டார்கள்.

சேரும் முன் பேச வேண்டியது இரண்டு. சம்பளம் இல்லையென்றாலும் பஸ் காசும் சாப்பாடும் உண்டா? எடுத்த ஃபுட்டேஜில் என் பெயர் வருமா, அதை என் ஷோரீலில், அதாவது வேலை கேட்கும்போது காட்டுகிற மாதிரித் தொகுப்பில், போட்டுக்கொள்ளலாமா? எங்கள் பிள்ளைகள் மழைவெள்ளத்தில் நின்று எடுத்த காட்சிகளை ஒரு சேனல் வாங்கிப் போட்டுவிட்டு, பெயரும் போடவில்லை, போனையும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் பேச வழி இருந்திருக்கும்.

ஷோரீல் ஒன்றரை நிமிஷம் போதும். உங்களுடைய சிறந்த ஷாட் முதல் பத்து நொடியில் வர வேண்டும். குழுவாகச் செய்ததில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள்: 'ஒலிப்பதிவு மட்டும்', 'எடிட்டிங்'. ஐந்து பேரின் ஷோரீலிலும் அதே ஷாட் 'இயக்கம், ஒளிப்பதிவு' என்று வந்தால், ஐந்தையும் பார்க்கிற ஒரே ஆள் சிரிப்பார்.

கடைசி வருட புராஜெக்ட்

வருடம் தவறாமல் போதை, தற்கொலை, காதல் தோல்வி. இருபது நிமிடக் குறும்படம், கடைசியில் ஆம்புலன்ஸ். இதை எழுதும்போதே கொட்டாவி வருகிறது. டவுன் பஸ் போகிற தூரத்துக்குள் விஷயத்தைத் தேடுங்கள்: மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தை, காருக்குறிச்சியில் மண்பாண்டம், கூந்தன்குளத்தில் பறவைகள். தூரம் குறைந்தால் மூன்றாவது தடவையும் போவீர்கள். மூன்றாவது தடவை போகும்போதுதான் மனிதர்கள் கேமராவை மறந்து பேசுவார்கள். நீளம் எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

குழுவில் யார் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எல்லோரும் டைரக்டராக இருக்கிற குழு முதல் ஷெட்யூலிலேயே உடைந்துவிடும். சமரசத்துக்கு என் அறைக்குத்தான் வருவார்கள். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் ராத்திரி, எத்தனை மணிக்கு, எங்கே, யார், என்ன பொருள் என்று ஒரு பக்கம் எழுதிக் குரூப்பில் போடுங்கள். சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, இனி வெட்டு ஒட்டு கிடையாது என்று எடிட்டிங்கைப் பூட்டிவிடுங்கள். கலர், சவுண்ட் மிக்ஸ், சப்டைட்டிலுக்கு அந்த ஒரு வாரமே பத்தாது.

அதற்கு மேல் படிக்க நினைப்பவர்களுக்கு: திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையின் தொடர்பியல் துறை நம் வாசலிலேயே இருக்கிறது. செய்தித் துறைதான் என்று முடிவானால் சென்னையில் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ உண்டு; கட்டணம் அதிகம், உதவித்தொகை பற்றி விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். கல்லூரியில் பாடம் நடத்த ஆசை என்றால் முதுகலைக்குப் பிறகு யு.ஜி.சி. நெட் தேர்வில் 'மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம்' தாள். லாஸ்வெல் அங்கேயும் வருவார், முதல் வருட நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள்.